சேற்றுக்கு ஒன்று, ஈரப் பாறைக்கு ஒன்று

1

இந்தக் கதை ஏதோ கனவிலிருந்து வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அது அக்காவின் ஒரு போன் அழைப்பிலிருந்து வந்தது.

"புழு, சாயந்திரம் சும்மாதானே இருப்ப? ஷூ வாங்கணும், கூட வா."

(புழு என்பது நான். புத்தகத்தை அரிக்கிறேனாம்.)

தெருவில் போட்டுக்கொண்டு போகிற ஷூ இல்லை, மலைப்பாதையில் ஓடுவதற்கானது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஓடப்போகிறாள், போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்த அதே பாதையில். அன்று பாறை விளிம்பில் இருந்த ஒரு வேர் அவளைப் பிடித்துக்கொண்டது. (திருத்தம்: அவள்தான் வேரைப் பிடித்துக்கொண்டாள். வேருக்கு அவளைத் தெரியாது.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மலை அவளுக்காகக் காத்திருந்தது." அடித்துவிட்டேன். மலை யாருக்காகவும் காத்திருக்காது. அதனிடம் எனக்குள்ள பயமே அதுதான்.

"அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது வெளியே மழை..." வேண்டாம். ஞாயிறு முடியும்வரை இந்தக் கதையில் மழை பெய்ய விடமாட்டேன்.

"அக்காவின் மணிக்கட்டு இன்னும் முழுசாக..."

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்கள் மலையேறுகிறார்கள், மூடுபனியில் தொலைந்துபோகிறார்கள். ஷூ மட்டும் யாரும் வாங்குவதில்லை. 'பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினான்' என்று ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். பொருந்தியதா, கடித்ததா, யார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதனால் எனக்கு முன்மாதிரி இல்லை.

3

கடைக்காரர் தொப்பையைத் தடவிக்கொண்டே வரவேற்றார். "நான் பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டேம்மா. ஆனா ஷூவப் பத்தி என்ன வேணா கேளுங்க."

"நல்லதாப் போச்சு. எனக்குப் போட்டியா வரமாட்டீங்க," என்றாள் அக்கா.

ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "எறங்கும்போது கால் முன்னாடி சறுக்கி வரும். அங்க எடம் இல்லன்னா நகம் கழண்டுடும்."

பிறகு இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார்.

"இது சேத்துக்கு. அடியில பல்லு ஆழம், மண்ண நல்லாக் கடிக்கும். ஈரப் பாறையில மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி."

"அப்படி இப்படின்னா?" என்று நான் கேட்டேன்.

"வழுக்கும். இன்னொண்ணு பாறைக்கு. ரப்பர் மெத்துனு இருக்கும், ஒட்டிக்கும். ஆனா சேத்துல ஏறவே விடாது, உயிர வாங்கிடும்."

"ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இல்லையா?" என்றேன்.

"இருக்கு. ரெண்டுலயும் சுமாரா இருக்கும்."

அந்தப் பாதை முதலில் காட்டுச் சேற்றில் ஏறும். அதற்கு மேலே பாறை. எப்போதும் ஈரம், ஒரு பக்கம் பள்ளம்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடி."

"நானா? மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்!"

"போன தடவ நானேதான் பாத்துப் பாத்து எடுத்தேன். இப்ப கையில ஷூவ எடுத்தாலே அந்தப் பாறைதான் தெரியுது. என்னால முடியலடி."

'முடியல' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

"அப்ப போகாம இருந்துடேன்."

"போகலன்னா இந்தப் பயம் எங்கூடவே குடித்தனம் பண்ணும்."

4

ஆக, தேர்ந்தெடுக்க வேண்டியது நான். கடையிலும் நான், காகிதத்திலும் நான். முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

சேற்று ஷூ. காட்டைச் சுலபமாகக் கடக்கிறாள். உற்சாகத்தில் வேகம் கூடுகிறது. சிரித்துக்கொண்டே பாறைக்கு வருகிறாள். அங்கே

(இந்த வாக்கியத்தை யாரும் முடிக்க வேண்டாம்.)

பாறை ஷூ. சேற்றில் சறுக்கிச் சறுக்கி, அலுத்துப்போய்ப் பாதியில் திரும்புகிறாள். என்மேல் எரிச்சல், ஆனால் முழுசாக இருக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பிறகுதான் உறைத்தது: அவள் பாதியில் திரும்புகிற ஆளா? கால் ஓய்ந்தாலும் ஏறுவாள். ஓய்ந்த காலோடு பாறைக்கு வந்து

எப்படி எழுதினாலும் பாறைக்கே வந்து நிற்கிறாள்.

கடைசியாக ஒரு கோழை முடிவு: கடையில் அவள் அளவு இல்லை. அதைக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லா சைஸும் இருக்கும்மா. இருங்க, உள்ள போய் எடுத்துட்டு வரேன்."

5

கடையின் மூலையில் ஒரு சரிவுப் பலகை இருந்தது, மேலே கற்களைப் பதித்து. கடைக்காரர் அதில் தண்ணீர் தெளித்தார். அக்கா இடது காலில் சேற்று ஷூவையும் வலது காலில் பாறை ஷூவையும் போட்டுக்கொண்டு உச்சியில் ஏறி நின்றாள். உச்சி என்றால் என் முழங்கால் உயரம்.

இறங்கவில்லை.

அவள் கை என் தோளைப் பிடித்தது. நகங்கள் சட்டையைத் தாண்டிக் குத்தின. கடைக்காரர் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

"இவ்ளோதான்டி உயரம். வெக்கமா இருக்கு."

"மெதுவா வா. நான் இருக்கேன்ல?"

"நீயே நடுங்குற."

ஒவ்வொரு அடியாக இறங்கினாள். எந்தக் காலும் வழுக்கவில்லை. தரைக்கு வந்ததும் மூச்சை விட்டாள். "ரெண்டும் கல்லப் பிடிக்குது. ரெண்டும் பயமா இருக்கு. சொல்லு, எது?"

6

நான் சொல்லவில்லை.

காலுக்கு ஒன்றாகப் போட்டிருக்கும்வரை அவள் எங்கேயும் போக முடியாது. கடை விளக்கின் கீழே அவளை அப்படியே நிறுத்தி, இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடத்தான் நினைத்தேன். எத்தனையோ கதைகள் இப்படி நின்றுபோயிருக்கின்றன. யாரும் குறை சொல்வதில்லை.

"என்னடி, கதை கட்டுறியா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீ சொல்லமாட்ட. சரி, விடு."

குனிகிறாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறேன். லேஸ் இழுபடும் சத்தம். ஒரு ஷூ தரையில் விழுகிறது. கழற்றிய அந்த ஜோடிதான் அலமாரிக்குத் திரும்பும். மற்றது அவளோடு மலைக்குப் போகும்.

எந்தக் கால் என்று நீங்கள் பாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: பாறை வந்ததும் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். நான் சொன்னால் சிரிப்பாள்.