தேறாத கேஸ்

என் வீட்டுக்காரர் டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன். அவருக்குத்தான் கல்லீரல் கெட்டுப்போனது. டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். வாசல் போர்டில் 'நூற்றுக்கு நூறு பாஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

மாற்றுக் கல்லீரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். கல்லீரல் வந்திருக்கிறது, ரத்த வகையும் சேர்கிறது. அடித்துப் பிடித்து அவரை அழைத்துக்கொண்டு ஓடினேன். போனால், டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"கொடுத்தவருக்குக் கொஞ்சம் வயசும்மா. உங்க வீட்டுக்காரரும் ரொம்ப பலவீனமா இருக்கார்."

"முன்னாடி இப்படிப்பட்டவங்களுக்கும் நீங்க செஞ்சிருக்கீங்களே டாக்டர்?"

"செஞ்சேன். இப்ப அரசாங்கம் தரம் பார்க்குது. ஆபரேஷன் ஆனவங்கள்ல எத்தனை பேர் ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருக்காங்கன்னு மார்க் போடுது. போன வருஷம் ரெண்டு பேர் தவறிட்டாங்க. இன்னொருத்தர் போனா எங்க பிரிவையே இழுத்து மூடிருவாங்க."

நோயாளிகளைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டமாம். யார் இல்லை என்றார்கள்?

"அவர் கொஞ்சம் தேறட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

"தேறிட்டார்னா எதுக்கு டாக்டர் ஆபரேஷன்?"

டாக்டரே எழுந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெளியே வந்து இவரிடம் பொரிந்து தள்ளினேன். இவரோ சிரிக்கிறார்!

"நானும் அதைத்தானடி செய்றேன். வண்டி ஓட்ட வராதவனை டெஸ்ட்டுக்கே அனுப்ப மாட்டேன். அப்புறம் எப்படி நூத்துக்கு நூறு வரும்?"

"நீங்க அனுப்பாதவன் பஸ்ல போவான். நீங்க எதுல போவீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அடுத்த வருஷம் அவருடைய ஸ்கேன் படங்களை வாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் பெரிய பேனர்: சென்ற ஆண்டு சிகிச்சை பெற்ற அனைவரும் நலம். தரச் சான்றிதழும் கிடைத்துவிட்டதாம். இவர் சிகிச்சை பெறவில்லை. அதனால் இவர் செத்தது அந்தப் பேனருக்குத் தெரியாது.

ஆனாலும் மனசின் ஒரு மூலையில் ஓர் ஆறுதல் வைத்திருந்தேன். அந்த நர்ஸைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"அன்னைக்கு வந்த கல்லீரலை யாருக்கு வச்சாங்க? அவங்களாவது நல்லா இருக்காங்களா?"

அவள் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"யாருக்கும் வைக்கலக்கா. எல்லா ஆஸ்பத்திரிக்கும் கேட்டுப் பார்த்தோம். எல்லாரும் எங்க டாக்டர் சொன்னதையேதான் சொன்னாங்க. வீணாத்தான் போச்சு."