நாற்பத்தொரு சென்டிமீட்டர்

தார்வோ சொந்தக் காசை அறுபது கம்பெனிகளில் போட்டவர். அதில் ஐம்பது மண்ணைக் கவ்வின. அதற்காக அவர் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. மிச்சம் பத்தும் அவரைத் தாலின் நகரத்தில் பெரிய மனிதராக்கிவிட்டன. அவர் பணம் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். அவர் முகம் சுளித்தால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அன்று ரோஹுகுலா கடற்கரையில் அந்த முகத்தைத்தான் ஹெல்சின்கியிலிருந்து வந்த மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெர்து என்ற பெண் நடத்தும் சின்னக் கம்பெனியின் கருவிக்குப் பணம் போடுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யும் நாள். காருக்கு அடியில் மாட்டிவிட்டால், உறைந்த கடல்மேல் ஓடும்போதே ஐஸ் எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அது திரையில் காட்டும். தீவுக்குப் போகும் ஐஸ் சாலையை அதிகாரிகள் முந்தாநாள் மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் தைரியமாகப் போகலாம் என்று காட்டுவதுதான் கெர்துவின் திட்டம். அவள் தீவுக்காரி, அந்தப் பனிக்காலம் முழுக்கக் கருவியை நம்பியே வீட்டுக்குப் போய் வந்தவள். தார்வோ சும்மா இருந்திருக்கலாம். தன் மகளையே பின்சீட்டில் உட்கார வைப்பதாக ஹெல்சின்கிக்காரர்களிடம் சவடால் அடித்திருந்தார்.

காலையில் தார்வோவுக்கு ராய்கோவிடமிருந்து செய்தி வந்தது. போன வாரம் கெர்துவோடு சண்டை போட்டு வேலையை விட்ட எஞ்சினியர் அவன். ஐஸ் மேல் மழைத்தண்ணீர் தேங்கினால் கருவி அதையும் ஐஸாகவே எண்ணிவிடும் என்று எழுதியிருந்தான். நேற்று முழுக்க மழை. கோபத்தில் எதையாவது எழுதுகிறான் என்று தார்வோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் தன் பதினான்கு வயது மகள் மெரிட்டுக்கு வயிறு சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லி, அவளைக் காரிலிருந்து இறக்கிவிட்டார்.

"அப்ப நம்ம லென்னா வரட்டும்" என்றாள் கெர்து. அவளுடைய ஆறு வயது மகள் துள்ளி ஏறினாள்.

அப்போதே அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே. பெரிய மனிதர் வண்டி ஓட்டும் கெர்துவுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

ஐஸில் யாரும் சீட் பெல்ட் போடுவதில்லை. உடைந்தால் உடனே வெளியே பாய வேண்டும். நடுவில் நிறுத்துவதும் இல்லை. நின்றால் வண்டியின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தும். லென்னா எட்டிப் பார்த்துத் திரையை உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். முப்பது. முப்பத்திரண்டு. பாதி வழி தாண்டியதும் சக்கரங்களில் தண்ணீர் சளசளத்தது. தண்ணீர் ஏற ஏற எண்ணும் ஏறியது. முப்பத்தாறு என்று குழந்தை கை தட்டினாள். கெர்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தார்வோவுக்கு மட்டும் உள்ளங்கால் சில்லிட்டது. அறுபது கம்பெனிகளிலும் வராத பயம் இப்போது வந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் லென்னா.

"கெர்து, அது ஐஸ் இல்ல. மேல நிக்கிற தண்ணி. மிஷின் அதையும் சேர்த்துக்குது. ராய்கோ எழுதியிருந்தான்."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. திரும்பவும் முடியாது, கரையைவிடத் தீவுதான் பக்கம்.

"எப்ப எழுதினான்?"

"காலையில."

கெர்து கண்ணாடியில் மகளைப் பார்த்தாள்.

"மெரிட்டை மட்டும் இறக்கி விட்டீங்க" என்றாள்.

கெர்து குழந்தையிடம், முன்னால் வந்து மாமா மடியில் உட்காரச் சொன்னாள். குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. பிறகு அவரிடம், கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"உடைஞ்சா முதல்ல இவளை வெளிய எறிங்க. உங்க பொண்ணா இருந்தா எப்படி எறிவீங்களோ, அப்படி."

லென்னா மடியில் ஏறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தீவுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது.