கொழுப்பு யாருக்கு

என்னைப் பற்றிச் சொல்ல என் மாமியாருக்கு ஒரே வார்த்தைதான் உண்டு: கொழுப்பு. கறி தின்கிற வீட்டிலிருந்து வந்து அவருடைய மூத்த மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன் அல்லவா, அதற்காக. கடல் தாண்டி வந்து எட்டு வருஷமாகியும் அந்த வார்த்தை போனில் வந்துகொண்டுதான் இருந்தது.

இளைய மகனுக்கு அவரே பார்த்துக் கட்டிவைத்த சைவப் பெண், என் ஓரகத்தி, கொழுந்தனோடு எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே ஃபிரிட்ஜின் மேல்தட்டில் டேப் ஒட்டி, "இது எனக்குக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றே மாதத்தில் மசக்கை. சோறு நிற்கவில்லை, பழம் நிற்கவில்லை, மாத்திரைகூட நிற்கவில்லை. எடை இப்படி இறங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று நர்ஸ் கடிந்துகொண்டாள்.

எனக்கு பேக்கரியில் மாவு உருட்டும் வேலை. முதல் நாள் ஒரு வெள்ளைக் கட்டியைக் கொடுத்து மாவில் வைத்து மடிக்கச் சொன்னபோது வெண்ணெய் என்றுதான் நினைத்தேன். பன்றிக் கொழுப்பு! இனிப்பிலா பன்றி என்று எனக்கே குமட்டியது. அதைப் போட்டால்தான் அடுக்கடுக்காகப் பிரியுமாம்.

ஒரு நாள் அந்த மாவில் சுட்டு மிஞ்சிய இனிப்புச் சுருளை வீட்டில் தின்றுகொண்டிருந்தேன். வாசனை பிடித்து ஓரகத்தி வந்து நின்றாள்.

"முட்டை போடலையேக்கா?"

"முட்டை போடலை."

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். இரண்டு தின்றாள். இரண்டும் நின்றன. அதன்பிறகு தினமும் நான் வரும் நேரத்துக்குக் கதவருகே நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். ஆறு வாரத்தில் கன்னம் தேறிவிட்டது. எனக்கும் அவள்மேல் பாசம் வந்து தொலைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கையில் நான் கொடுத்த சுருள், உதட்டில் சர்க்கரைப் பொடி. "அவங்க கையால பச்சத்தண்ணிகூட குடிக்கிறதில்ல அத்தை. அவங்க கொழுப்பு அவங்களோட, நமக்கென்ன?"

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். இவள் உண்டுகொண்டிருக்கும்போதே செய்தாள்.

மறுநாள் கொழுப்புக் கட்டி சுற்றிவந்த தாளை அவள் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன். அதில் ஒரு பன்றி சிரித்துக்கொண்டிருந்தது. அரை நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது அவளுக்கு. குளியலறைக்கு ஓடினாள். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

நான்கு நாள் எதையும் வாயில் வைக்கவில்லை. கொழுந்தன் என் முகத்தில் விழிக்கவில்லை. என் கணவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு உத்தரவாதம் இல்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் நாள் கதவருகே நாற்காலி போட்டிருந்தது.

"கொண்டு வந்திருக்கீங்களாக்கா?"

தினமும் கொண்டுவந்து தினமும் குப்பையில் கொட்டியவள்தான் நான். தட்டில் இரண்டை வைத்தேன். கை நீட்டினாள். தட்டை இழுத்துக்கொண்டேன்.

"அத்தைக்கு போன் போடு. என்ன திங்கிறேன்னு சொல்லிட்டுத் தின்னு."

"பிள்ளைக்காகக்கா..." என்று வயிற்றைத் தொட்டுக் காட்டி அழுதாள். நானே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"என்னடி, ஏதாவது சாப்பிட்டியா?" என்றார் மாமியார்.

"சாப்பிடப் போறேன் அத்தை."

"என்னது?"

தட்டு என் மடியில் இருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"கொழுப்பு அத்தை."

"அவ கொழுப்புதான் ஊரறிஞ்சதாச்சே. இப்ப என்ன பண்ணினா?"

"அவங்களுக்கில்ல அத்தை. எனக்கு."

தட்டை நகர்த்தினேன். இரண்டு தின்றாள். இரண்டும் நின்றன.