சுண்டுவிரலுக்குத் திரும்பும் ஸ்டியரிங்

அச்சுப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஜப்பானில், பொம்மை வண்டிகளுக்குப் பேர்போன ஷிமிசுவில், பொம்மைக் கார் உதிரிகளுக்கு அச்சு வெட்டுகிற இடம். கம்பி துளைக்குள் போகவில்லை என்று யாராவது என்னிடம் வந்து நின்றால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அன்று சனிக்கிழமை காலையில் வந்து நின்றவன் என் அண்ணன் யோஷிஹாரு.

ஒரு காலணிப் பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தான். உள்ளே அவனே செய்த கையகல வெள்ளைக் குட்டி லாரி பொம்மை. அவன் ஓட்டிக்கொண்டிருந்த அதே ரகம். முன் சக்கரங்கள் மட்டும் இன்னும் மாட்டவில்லை. ஸ்டியரிங்கின் துண்டுகள் ஒரு தாளில் மடித்துக் கிடந்தன.

"இது உள்ள போகல, சவாக்கோ. என் கை நடுங்குது. நீ தட்டி ஏத்திக் குடு."

"நாளைக்கா கொண்டு போற?"

"நாளைக்குத்தான்."

மறுநாள் சிசுருவின் முதலாண்டு நினைவு நாள். போன மே மாதம், தேயிலை பறித்துவிட்டுச் சைக்கிளில் இறங்கி வந்த அந்தப் பெண்ணை வளைவில் மோதிக் கொன்றது அண்ணனின் லாரி. ஸ்டியரிங் இறுகிக்கொண்டது என்றான். போலீஸ் பிரித்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றது. அவன் மாற்றிப் பேசவில்லை. நான் அவனை நம்பினேன். ஊரில் எத்தனை பேரிடம் அவனுக்காக மல்லுக்கு நின்றிருப்பேன்! முப்பது வருஷத் தோழி ஒருத்தியிடம் இன்றுவரை பேச்சில்லை.

சிசுருவின் புருஷன் மசுதா ஒரு வருஷமாக அண்ணனை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். போன வாரம்தான் போனில் சொன்னாராம்: "எப்படி இறுகுச்சுன்னு எனக்குப் புரியல. புரிய வைங்க. அப்புறம் அவளுக்கு ஊதுபத்தி ஏத்துங்க." அதற்குத்தான் இந்த லாரி.

துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஆணி போகிற துளைக்குள் பெயின்ட். ஒரு பூச்சு இல்லை, மூன்று பூச்சு.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? துளைக்குள்ள யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? இந்த ஊர்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட அதுல டேப் ஒட்டிட்டுத்தான் அடிக்கும். நீயெல்லாம் பொம்மை வண்டி கிளப்புல பரிசு வாங்கினவன்!"

"பரவால்ல விடு. அப்படியே தட்டி ஏத்து. இறுக்கமா நின்னாப் போதும்."

"தட்டினா உடைஞ்சு போகும். போ, வெளிய போய் சிகரெட் புடி. என் முன்னாடி நிக்காத."

அவன் போனான். நான் மெல்லிய துளைக்கம்பியை விரலால் உருட்டி உருட்டிப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தேன். ஆணியை உப்புத்தாளில் தேய்த்தேன். கொஞ்சம் தேய்க்கணும், போட்டுப் பார்க்கணும், மறுபடி தேய்க்கணும். ஒரு இழை அதிகமாகத் தேய்த்தால் சக்கரம் ஆடும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் பிளாஸ்டிக் கம்பியை வெந்நீரில் போட்டெடுத்து வளைத்து மாட்டினேன். ஒரு துளி எண்ணெய். ஒரு மணி நேரம் ஆயிற்று. சுண்டுவிரலால் ஸ்டியரிங்கைத் தொட்டேன். இரண்டு சக்கரமும் சேர்ந்து திரும்பின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அண்ணே, வந்து பாரு!"

வந்து பார்த்தான். முகம் செத்துப்போனது.

"உன்னை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

"என்னது?"

"இறுக்கமா இருக்கட்டும்னு சொன்னேன்ல? திருப்பினா நடுவுல சிக்கணும். அதைத்தான் அவருக்குக் காட்டணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிசு வாங்கினவன் துளைக்குள் தெரியாமலா மூன்று பூச்சு அடிப்பான்?

"அன்னிக்கு சிக்குச்சாண்ணே?"

அவன் லாரியின் சக்கரத்தையே பார்த்தான்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சிக்குச்சா?"

"போன் கீழ விழுந்துச்சு," என்றான். "எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள..."

கையில் கிடைத்த உப்புத்தாள் கட்டை அவன் மீது வீசினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். உனக்காக ஊரெல்லாம் சண்டை போட்டேனே பாவி என்று கத்தினேன். அவன் லாரியைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனான். அவன் போன பிறகுதான் பார்த்தேன், மேசையில் இருந்த உடனே ஒட்டும் பசைக் குப்பியைக் காணவில்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். அவன் பொய் சொன்னால் எழுந்து நின்று உண்மையை உடைத்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். ஆனால் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது என்னால் அது முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வழியெல்லாம் அவன் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

மசுதா ஒல்லியான மனிதர். உள்ளே விட்டார். பூஜை அலமாரியில் சிசுருவின் போட்டோ, முன்னால் ஒரு கிண்ணம் புதுத் தேநீர். அண்ணன் பெட்டியைத் திறந்து லாரியைப் பாய்மீது வைத்தான்.

"இதுதானா? எங்க இறுகுச்சு? காட்டுங்க," என்றார் மசுதா.

அண்ணன் தொடவில்லை. மசுதா பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே குனிந்து ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சக்கரங்கள் திரும்பின. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். எங்கேயும் சிக்கவில்லை. எடுத்துப்போன பசையை அவன் வைக்கவே இல்லை.

"நல்லாத் திரும்புதே," என்றார்.

அண்ணன் பாயில் நெற்றி பட விழுந்தான். "அன்னிக்கும் திரும்புச்சுங்க. நான்தான் திருப்பல. போனை எடுக்கக் குனிஞ்சிருந்தேன்."

மசுதா ரொம்ப நேரம் அந்தச் சக்கரங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு லாரியைப் பெட்டிக்குள் வைத்து, அண்ணன் கொண்டுவந்த ஊதுபத்திக் கட்டையும் அதன் மேலே வைத்து, மூடி அவன் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்கு அவ ஓட்டி வந்த சைக்கிள், அவ தம்பிக்காரன் வாரா வாரம் ரிப்பேர் பாத்துக் குடுத்தது," என்றார். "பிரேக் சரியில்லாமத்தான் அக்கா செத்துச்சுன்னு ஒரு வருஷமா அழுதுட்டிருக்கான். அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. அவளுக்கு ஊதுபத்தி அப்புறம் ஏத்தலாம்."

தம்பியின் வீடு கீழே ஆற்றோரம். அண்ணன் முன்னால் நடந்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.