ஆயுத பூஜைப் பொட்டு

கோச்சடை வெள்ளைத்துரை வீட்டுக் காம்பவுண்டுக்குள் மெக்கானிக் நல்லகாமன் அடைபட்டு அன்றோடு மூன்று நாள். கட்டிப்போட்டதாக யாரும் சொல்லிவிட முடியாது. வேளாவேளைக்கு இலை போட்டுக் கறிச்சோறு வந்தது. கேட்டில் மட்டும் பூட்டு. "வண்டி சரியானதும் தெறப்போம் தம்பி. அதுவரைக்கும் இது ஒங்க வீடு" என்று சிரித்தபடி சாவியை மடியில் செருகிக்கொண்டார் வெள்ளைத்துரை. அந்தச் சிரிப்பை நம்ப நல்லகாமன் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை.

அது அவர் மச்சினன் துபாயிலிருந்து கப்பலில் அனுப்பிய டர்போ கார். வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சமாச்சாரம். இது நடந்த 1986இல், இந்த வண்டிக்கு முன்னால் நல்லகாமன் அப்படியொன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பழங்காநத்தத்தில் ஷெட் வைத்திருக்கிற கெத்தில், "எனக்கு எல்லாம் அத்துப்படிண்ணே" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். இப்போது காற்றழுத்தம் காட்டும் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டும், பொத்தென்று விழும். வண்டி குலுங்கும்.

முதல் நாள், பழுது பிடிபடாத எரிச்சலில் ஒரு வார்த்தை விட்டிருந்தான். "டிரைவர் கண்டபடி மிதிச்சிருக்கான்ணே." வெள்ளைத்துரைக்கு அது போதும். எட்டு வருஷமாக அவரிடம் டிரைவராக இருந்த பேச்சிமுத்துவிடம் சாவியைப் பிடுங்கி, வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். வண்டி சரியானதும் அவனை வேலையைவிட்டு அனுப்புவதாகப் பேச்சு. பேச்சிமுத்து அங்கிருந்தபடி நல்லகாமனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் நல்லகாமனைக் குடைந்தது.

ரப்பர் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாயிற்று. எங்கும் குமிழ் இல்லை. மிச்சம், டர்போவை ஒட்டியிருந்த உள்ளங்கையளவு தகர டப்பா. அழுத்தம் மிஞ்சினால் அதன் உள்ளேயிருக்கும் சவ்வு உப்பிக் கம்பியைத் தள்ளும். கம்பி, புகைக்கு வேறு வழி திறந்துவிடும். சைக்கிள் பம்பை மாட்டி அடித்தான். கம்பி அசையவில்லை. இன்னும் அடித்ததும் வெடுக்கென்று நகர்ந்து பாதியில் நின்றது. சவ்வு உப்பினால் மறுபக்கத்துக் காற்று வெளியேற வேண்டுமே, அதற்கு வழி எங்கே? டப்பாவைக் கழற்றித் திருப்பினான். ஊசித்துளை ஒன்று அடைத்துக் கிடந்தது. ஊக்கால் நெம்பினான். மஞ்சள் பொடி உதிர்ந்தது, கூடவே கொஞ்சம் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

போன மாதம் ஆயுத பூஜையன்று வண்டி அவன் ஷெட்டில்தான் நின்றது. ஸ்பேனர், ஜாக்கி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு, போனட்டைத் திறந்து இந்த டப்பாவிலும் அழுத்தி வைத்தவன் அவனேதான். "உள்ள வேணாம்ணே, போனட்டு மேல வச்சாப் போதும்" என்றான் பேச்சிமுத்து. "சாமி காரியத்துல ஒனக்கு என்னடா தெரியும்" என்று அதட்டினான் இவன்.

துளையைச் சுத்தம் செய்து மாட்டி, வெள்ளைத்துரையை ஏற்றிக்கொண்டு மேலக்கால் ரோட்டில் ஓட்டிக் காட்டினான். முள் ஆடாமல் நின்றது. இனி வாயை மூடிக்கொண்டால் மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் திரும்பி வந்து இறங்கியதும் மரத்தடியில் பேச்சிமுத்துவைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அண்ணே, தப்பு எம்மேல. நான் வச்ச பொட்டுதான் ஓட்டைய அடைச்சிருச்சு. பேச்சிமுத்து ஒண்ணும் பண்ணல."

"பூசைப் பொட்டு வண்டியக் கெடுக்குமா? அவன் பொழப்புப் போகுதேன்னு எரக்கப்படுறீக. மொத நாளு நீங்க சொன்னதுதான் தம்பி சரி."

நல்லகாமன் துளையிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்த பொடியைப் பதறிப்போய்ப் பிரித்து நீட்டினான். வெள்ளைத்துரை அதைப் பயபக்தியோடு கிள்ளியெடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

பேச்சிமுத்து எழுந்து துண்டை உதறினான். "போறேண்ணே" என்று நல்லகாமனிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

கேட் விரியத் திறந்து கிடந்தது. நல்லகாமனுக்குத்தான் கால் நகரவில்லை.