வாயைத் திறக்கும் மீனுக்கு அறுபதா, நூற்றைந்தா?

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கும்போது பொறி தட்டும். எனக்குத் தட்டியது கடைவாய்ப் பல். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாய்க்குள் இரண்டு பஞ்சு உருண்டை, ஓர் உறிஞ்சுகுழாய், டாக்டரின் கையில் பாதி. அந்தக் கோலத்தில் என்னைக் கிடத்தி வைத்துக்கொண்டு, டாக்டரம்மா தன் அத்தானையும் ஒரு மீனையும் ஒரு லென்ஸையும் பற்றிச் சொன்னதுதான் இது.

குறுக்கே பேசாமல் நான் முழுசாகக் கேட்ட ஒரே கதை என்றும் சொல்லலாம். "ஆங்" என்பதைத் தவிர வேறெதுவும் வாயிலிருந்து வரவில்லை. எனவே டாக்டர் விட்டுவிட்ட இடங்களை நானே அடைத்திருக்கிறேன், அவர் என் பல்லை அடைத்ததைப் போல. அவர் அடைத்தது உறுதியாக நிற்கிறது.*

* நான் அடைத்தது நிற்கிறதா என்பதை நீங்கள்தான் கடித்துப் பார்க்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "நீலம் என்பது ஒரு நிறமல்ல, அது ஒரு—"

வேண்டாம். கடல் என்று எழுதியதுமே எல்லோருக்கும் இந்தக் காய்ச்சல் வந்துவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "ஆழத்தில் இறங்க இறங்க, அவள் தன்னையே தேடி—"

பொய். டாக்டர் தேடியது தன்னை அல்ல, விரல் நீளத்தில் ஒரு மீனை. தன்னை அவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிறார், போதும் என்கிறார்.

மூன்றாம் தொடக்கம்: "அத்தானுக்குக் கன்னம் வீங்கியிருந்தது."

இது தேவலை. நீலமே இல்லை.

3

அத்தானுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. அத்தான் என்றால் டாக்டரின் அக்கா வீட்டுக்காரர். ஏ.சி. மெஷின் விற்கும் கம்பெனியில் மேனேஜர். ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து "ஒளி" என்பார். நீருக்கடியில் படம் எடுப்பதில் ஊரறிந்த நிபுணர். நீருக்கடியில் போய்த்தான் வெகுகாலம் ஆகிறது. கரையில் நின்று அதைப் பற்றிப் பேசவே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது. லென்ஸைத் தேர்ந்தெடுப்பது ஒரு தவம் என்று அவர் ஆரம்பித்தால், தவம் முடிந்ததும் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வாருங்கள் என்று அக்கா முடித்துவைப்பாள்.

உலகத்தில் எந்த விஷயத்துக்கும் வாயைத் திறக்கும் இந்த மனிதர், பல் டாக்டர் முன்னால் மட்டும் திறக்க மாட்டார். மைத்துனியே பல் டாக்டர். ஆனாலும் மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, வீக்கம் வந்தால் காற்று பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏ.சி. விற்கிறவர் காற்றின்மேல் பழி போடலாமா என்று அக்கா கேட்டிருக்கிறாள். வேர் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் பக்கத்துப் பல்லும் போய்விடும் என்பது டாக்டருக்கு வெளியிலிருந்து பார்த்தே தெரிந்தது. அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தக் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு இறங்காது.

ஓர் இரவுச் சாப்பாட்டில் டாக்டர் அந்த மீனைப் பற்றிச் சொன்னார். கடலுக்குள் மூழ்கப் பழகி ஒரு வருஷம்தான் ஆகிறது அவருக்கு. மணலில் குழி தோண்டி வாழும் தாடைமீன் ஒன்றைப் பார்த்திருந்தார். அந்த இனத்தில் முட்டைகளைக் காப்பது அப்பா. வாய்க்குள் வைத்துக் காக்கும். அவ்வப்போது வாயை அகலத் திறந்து, முட்டைக் குவியலைக் கொஞ்சம் வெளியே தள்ளி, நல்ல தண்ணீர் காட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். குஞ்சு பொரிப்பதற்குள் அதைப் படமெடுக்க வேண்டும், மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கப்போகிறேன் என்றார்.

அத்தான் தண்ணீரைக் குடித்து, வலிக்காத பக்கமாக ஒதுக்கி விழுங்கிவிட்டு, சிரித்தார்.

"அது வாயைத் திறக்கிற படத்தை மட்டும் நீ எடுத்துட்டு வா. நானும் திறக்கறேன்."

"எங்கே? என் நாற்காலியிலயா?"

"உன் நாற்காலியிலதான்."

"நான் சாட்சி," என்றாள் அக்கா. "சாப்பாட்டு மேல கை வெச்சுச் சொல்லிட்டாரு."

4

இனி லென்ஸ். (அத்தான் எடுத்த வகுப்பை நான் சுருக்கித் தருகிறேன். எனக்கு நன்றி சொல்லுங்கள்.)

மேக்ரோ லென்ஸ் பொடிப் பொருளைப் பெரிதாகக் காட்டும். கடைத்தெருவில் இரண்டு அகப்படும்: அறுபது மில்லிமீட்டர், நூற்றைந்து மில்லிமீட்டர். அறுபதை வைத்துக்கொண்டு மீனின் முகத்தை ஒட்டிப் போக வேண்டும். போனால் மீன் குழிக்குள் புகுந்துகொள்ளும். நூற்றைந்து என்றால் தள்ளி நின்றே எடுக்கலாம், மீன் பயப்படாது. ஆனால் நமக்கும் மீனுக்கும் நடுவில் தண்ணீர் அதிகமாகிவிடும். இந்தக் கடலோ கலங்கல் கடல். நடுவிலிருக்கும் தூசி தும்பெல்லாம் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

(இந்த இடத்தில், எழுத்தாளனும் தன் பாத்திரங்களை எவ்வளவு நெருங்கலாம் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நீங்கள் என்னை முந்திக்கொண்டு ஊகித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. நீக்கிவிட்டேன். நல்ல பத்தி, பாவம்.)

அத்தான் சந்தேகத்துக்கு இடமின்றி நூற்றைந்து என்றார். கூச்ச சுபாவமுள்ள உயிர், தூரம்தான் மரியாதை என்றார். கேமராவைப் போட்டு எடுத்துப்போகும் தண்ணீர் புகாத பெட்டியைத் தானே தருவதாகவும், அதன் முன்னால் மாட்டுகிற போர்ட்டையும் சேர்த்து அனுப்புவதாகவும் சொன்னார். போர்ட் என்பது கண்ணாடி வைத்த குழல். லென்ஸின் மூக்கு அதற்குள் இருக்கும். குட்டை லென்ஸுக்குக் குட்டைக் குழல், நீள லென்ஸுக்கு நீளக் குழல். குட்டை லென்ஸுக்கு நீளக் குழலை மாட்டினால் அது கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும், கிட்டத்தில் இருக்கும் எதுவும் அகப்படாது.

கடையில் டாக்டர் இரண்டு லென்ஸையும் கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைக்காரர் இரண்டுமே அருமை என்று உதவினார். அப்போதுதான் டாக்டருக்குத் தன் தொழில் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் யார் வாயையும் தூரத்தில் நின்று பார்த்ததில்லை. கிட்டே போவதால் யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை. அவசரப்பட்டால்தான் மூடிக்கொள்கிறார்கள்.

அறுபதை வாங்கினார். அத்தானிடம் சொல்லவில்லை.

5

இங்கே எனக்கு அத்தான்மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கலங்கல் தண்ணீரில் நூற்றைந்து தோற்கும் என்பது அவருக்கா தெரியாது? பந்தயத்தில் மைத்துனி தோற்க வேண்டும் என்றே தப்பான லென்ஸைச் சொன்னாரா? அப்படியானால் இவர் வெறும் அலட்டல் பேர்வழி இல்லை, வில்லன். ஒரு சொத்தைப் பல்லைக் காப்பாற்றிக்கொள்ள வில்லனான முதல் மனிதர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவருக்கு ஒரு மீசை கொடுத்து, "இருளில் அவர் உதடுகள் மெல்ல—"

அப்போது டாக்டர் பஞ்சை மாற்றிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். மீசையை எடுத்துவிட்டேன்.

6

மூழ்கப் போகும் நாள் காலை, கடற்கரையில் சாமான் வைக்கும் அறைக்கு அக்கா ஒரு பையோடு வந்தாள். டாக்டர் உடனே அதைத் திறக்கவில்லை. பைக்குள் நீளக் குழல் இருக்கும், தன் கையில் குட்டை லென்ஸ். உண்மையைச் சொல்லிக் குட்டைக் குழலைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தூரம், மரியாதை என்று இன்னொரு வகுப்பு நடந்திருக்கும். அதற்குப் பயந்துதான் பேசாமல் இருந்துவிட்டார். குஞ்சு பொரிக்கும் நாளோ நெருங்கிவிட்டது, இன்றைக்கு விட்டால் வாய் காலியாகிவிடும்.

பையைத் திறந்தார். குட்டைக் குழல்.

அறுபதுக்கு அளவெடுத்துச் செய்தது. கண்ணாடி துடைத்துப் பளபளவென்று இருந்தது. தண்ணீர் புகாமலிருக்க வைக்கும் ரப்பர் வளையம் புதுசு. அதில் கிரீஸ்கூடத் தடவியிருந்தது.

"நான் அறுபது வாங்கினது அத்தானுக்கு யாரு சொன்னது?"

"நீ அறுபதா வாங்கினே?" என்றாள் அக்கா. "எனக்கே இப்பத்தான் தெரியும். ராத்திரி பூரா உட்கார்ந்து இதைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. பல்லு வலியில தூக்கம் வரலைன்னு நெனச்சேன்."

(இங்கே நான் கேட்க நினைத்தது: தான் எதைச் சொன்னாலும் மைத்துனி அதற்கு மாறாகத்தான் செய்வாள் என்று தெரிந்தே நூற்றைந்து என்றாரா? தோற்க ஆசைப்பட்டாரா? பயமாயிருக்கிறது, பல்லைப் பாரு என்று சொல்ல வாய் வராத ஒருவர், பந்தயத்தில் தோற்றால் மட்டுமே கௌரவமாக வந்து உட்கார முடியும் என்று கணக்குப் போட்டாரா? நான் கேட்டது: "ஆங்?")

7

மீனுக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

குழிக்கு வெளியே தலை மட்டும். டாக்டர் மணலை ஒட்டிப் படுத்து, ஒரு சாண் தூரம்வரை நெருங்கினார். மீன் உள்ளே போய்விட்டது. அவர் நகரவில்லை. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி, வேறெங்கோ வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தார். பயந்த நோயாளிகளிடம் வாயைப் பார்க்காமல் மேல் சுவரைப் பார்த்து, வரும் வழியில் கூட்டமா என்று கேட்பார். இங்கும் கேட்டிருப்பார். மூச்சு விடும் குழாயை வாயில் கடித்திருந்ததால் பேச முடியவில்லை.

"உங்களை மாதிரியே," என்றார் டாக்டர் என்னிடம், குழாயைச் சரிசெய்தபடி. "எனக்கும் ஆங்னுதான் வந்துச்சு. மீனுக்கு அது போதும்போல."

தலை வந்தது. கழுத்து வந்தது. டாக்டரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது, அப்படியொரு திறப்பை எந்த நோயாளியும் அவருக்குத் திறந்து காட்டியதில்லையாம். உள்ளே முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கண்கள், வெள்ளிப் பொட்டாக. அத்தனை கண்களும் டாக்டரைப் பார்த்தன. படம் எடுக்க மறந்து ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சில் எடுத்தார்.

மேலே வந்து, படகில் முகக்கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்துக்கொண்டிருந்தாராம். கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டதாம். சிரிப்பினால்தான் என்கிறார். நான் நம்புகிறேன்.

8

படத்தை அக்கா சாப்பாட்டு மேசையில், அத்தானின் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். அத்தான் கண்ணாடியைப் போட்டார். நிபுணர் அல்லவா, முதலில் ஓரங்களைப் பார்த்தார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து என்று பார்த்தார். "பின்னணி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முட்டைக்குள்ளிருந்த கண்கள் அவரைப் பார்த்துவிட்டன.

அத்தான் படத்தைப் பார்க்கப் பார்க்க, குழந்தைக்கு ஊட்டுகிறவர்களுக்கு ஆவதுபோல, அவருடைய வாய் தானாக, மெல்ல, அகலமாகத் திறந்தது. எதிரே உட்கார்ந்திருந்த டாக்டருக்கு அந்தக் கடைவாய்ப் பல் தெரிந்தது. கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் வைத்திருப்பார்.

"அத்தான்," என்றார். "அப்படியே இருங்க."

அவ்வளவுதான். ஏனென்றால் அந்த நிமிஷத்தில் டாக்டர் என்னிடம், "கொப்பளிச்சுத் துப்புங்க," என்றார். துப்பிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த நோயாளி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இப்போது எனக்கு வாய் இருந்தது. அவருக்கு நேரம் இல்லை.

முடிவுகள் எழுதிப் பார்க்காமலில்லை. ஒன்றில் அத்தான் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, நூற்றைந்தாக இருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்கிறார். இன்னொன்றில் மறுநாளே நாற்காலியில் படுத்து, வாயில் பஞ்சோடு, லென்ஸைப் பற்றி வகுப்பெடுக்க முயல்கிறார். அக்கா அதைக் கேட்கவென்றே லீவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்றாவதில், அந்த வாய் தானாகத் திறக்கவில்லை. கிரீஸ் தடவிய ராத்திரியே திட்டமிட்டது. அப்படியானால் நடிப்பு அபாரம்.

எது என்று டாக்டரைக் கேட்க வேண்டுமானால் எனக்கு இன்னொரு பல் சொத்தையாக வேண்டும். இடது பக்கம் ஒன்றை நம்பிக்கையோடு வளர்த்துவருகிறேன். அதுவரை முடிவு உங்களிடம் இருக்கட்டும். மீன் வாயைத் திறந்த இடத்தைப் படிக்கும்போது உங்கள் வாய் கொஞ்சம் திறந்ததே, அது தானாகத் திறந்ததா, நீங்களாகத் திறந்தீர்களா? அதைச் சொல்லிவிட்டால் அத்தானுடையதும் தெரிந்துவிடும்.

மூட வேண்டாம். அப்படியே இருங்கள்.