மூன்றாவது பெயர்

சேஷகிரியின் அறை வாசலில் நின்று நின்று சாந்தகுமாரிக்குக் கால் மரத்துப்போனது. உள்ளே பேராசிரியர் ஃபோனில் யாரிடமோ மாவடு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கூப்பிட்டார்.

"நம்ம கட்டுரைக்கு ஜர்னல்காரன் ஒரு கேள்வி கேட்டிருக்கான்மா. இருநூத்திப் பன்னெண்டு லேபர் லேடீஸ் சூப்பர்வைசருக்குப் பயப்படாம எப்படிப் பேசினாங்களாம்?"

"பஸ்ல கேட்டேன் சார். ஃபேக்டரி கேட்டுகிட்ட வாயே தொறக்க மாட்டாங்க. காலைல அஞ்சே முக்கால் பஸ்ல கூடவே போவேன். பாத்ரூம் போனதுக்குச் சம்பளம் புடிச்சது, கரு கலைஞ்சது, எல்லாம் அங்கதான் சொல்லுவாங்க."

"பேஷ்! அதையே எழுதிக் குடுத்துடு. 'நாங்கள்'னு போடு. ஆராய்ச்சில 'நான்' வரக்கூடாது."

ஒன்றரை வருடம் ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி பீன்யா தொழிற்பேட்டைக்குப் போனவள் அவள். கட்டுரையை முதல் வரியிலிருந்து எழுதியவளும் அவள்தான். சேஷகிரி ஒரே ஒரு தடவை காரில் வந்தார். சாயக் கழிவின் நாற்றம் தாங்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இறங்காமலே திரும்பிப் போனார். நாங்களாம், நாங்கள்!

"சார், எம்பேரு மூணாவதா வரும்ல?"

"வராம எங்க போகும்?"

அவளுக்கு அது வந்தே ஆகவேண்டும். மார்ச்சோடு அவளுடைய தற்காலிக வேலை முடிகிறது. ஏப்ரலில் நிரந்தர வேலைக்கு நேர்முகம். பெயர் போட்ட கட்டுரை ஒன்றாவது இருந்தால்தான் எடுப்பார்கள்.

மார்ச் கடைசியில் அச்சுப் பிரதிகள் வந்தன. முதல் பெயர் ஆராய்ச்சி நிறுவனத்து இயக்குநருடையது. அவர் கட்டுரையைப் படித்ததே இல்லை, ஆனால் அவர் பெயரில்லாமல் அந்தக் கட்டடத்திலிருந்து எந்தக் கட்டுரையும் படியிறங்காது. இரண்டாவது சேஷகிரி. மூன்றாவது அனந்தலக்ஷ்மி மேடம். இரண்டு காற்புள்ளியை இடம் மாற்றி, வெள்ளைக்காரர் ஒருவரின் மேற்கோளைத் தலையில் ஒட்டிய பெரிய உழைப்பாளி. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'தட்டச்சு உதவி: குமாரி சாந்தா.' முழுப் பெயரைப் போடக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. பிரதியோடு சேஷகிரியிடம் போய் நின்றாள்.

"மேடத்துக்கு ப்ரமோஷன் டைம்மா. நாலு பேர் போட்டா கும்பலாத் தெரியும். அடுத்த பேப்பர்ல நீதான் ஃபர்ஸ்ட்."

"அதுக்கு நான் இங்க இருக்கணுமே சார்."

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

நேர்முகத்தில் சேஷகிரி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் சென்னையிலிருந்து வந்த நிபுணர். "உங்க பேர்ல ஏதாவது பப்ளிஷ் ஆயிருக்கா?" என்றார் அவர்.

சாந்தகுமாரி சேஷகிரியைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்த பிஸ்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். ஆனா பீன்யா கட்டுரை…"

"அடடே, அதேதான் நானும் சொல்ல வந்தேன்!" நிபுணர் ஒரு பிரதியை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். "களப்பணின்னா இப்படி இருக்கணும்மா. விடிகாலை பஸ்ல சேஷகிரி சாரெல்லாம் அந்த லேடீஸ் கூடவே போயிருக்காங்க. வீட்ல வச்சு நிதானமாப் படிங்க, கத்துக்கலாம்."

சேஷகிரி அடக்கமாகத் தலையைக் குனிந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.